இப்போது கோப்பையில்

செவ்வாய் இரவு ஒன்பது.
உல்லாபூலிலிருந்து வரும் கடைசிப் படகு
ஸ்டோர்னவேயில் லாரிகளைக் கக்கிவிட்டு ஓய்ந்துவிட்டது.
இஷ்பெலின் இரும்புக் கடைப் பின்னறையில்
பெயிண்ட் டப்பாக்களை ஒதுக்கி
ஐந்து நாற்காலி.

ஒரே விதி.
என்ன விலை, எத்தனை வருடம், எங்கே கிடைத்தது,
எல்லாம் அப்புறம்.
இப்போது உன் கோப்பையில் என்ன?
அதை முதலில் சொல்.

லாக்லன்தான் ஆரம்பிப்பான்.
கணக்குத் தணிக்கை செய்பவன்,
குடிக்கும்போதும் தசமப் புள்ளியை விடமாட்டான்.
"ஷெர்ரிப் பீப்பாய். ஐம்பத்தேழு புள்ளி மூன்று.
உலர்திராட்சை, பழைய தோல்,
முடிவில் நீளமான இலவங்கப்பட்டை."
இலவங்கப்பட்டை எப்படி நீளும் என்று
ஆறு வருடமாக நான் கேட்டதில்லை.

அடுத்து நான்.
சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுபடியில் எடுத்தது,
மஞ்சள் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.
"கேரமல்" என்றேன்.
"அப்புறம்?"
"அப்புறமும் கேரமல்தான்."
சிரித்தார்கள். என் வேலை முடிந்தது.

டார்க்வில் கொண்டுவந்தது நல்ல புட்டி.
துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழி காட்டும் படகை
விட்டு இறங்கும் நாளுக்கென்று
பதினாலு வருடம் அலமாரியில் காத்தது.
மூக்கு முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டது.

பீப்பாயிலிருந்து வருடத்துக்கு நூற்றில் இரண்டு
ஆவியாகிப் போகும்,
தேவதைகளின் பங்கு என்று விட்டுவிடுவோம் இங்கே.
ஜனவரியில் அவனுக்கு வந்த காய்ச்சல்
பங்கு கேட்கவில்லை.
ஒரே வாரம்.
மீன், டீசல், மனைவியின் கழுத்து,
எல்லாவற்றையும் குடித்துவிட்டுப் போனது.

"கண்ணாடி குளிர்கிறது" என்றான்.
"அப்புறம் தொண்டையில் சூடு.
நடுவில் இருந்த வீட்டை
யாரோ காலி செய்துவிட்டார்கள்.
என் கோப்பையில் என்ன?
நீங்கள் சொல்லுங்கள்."

கோப்பை கை மாறியது.

லாக்லன் கண்ணை மூடினான்.
"பீட் புகை. அயோடின். கடல் உப்பு."
"அதெல்லாம் அட்டையிலேயே இருக்கிறது, லாக்லன்.
படிக்க எனக்கும் தெரியும்."

குளிர்பெட்டி உறுமி நின்றது.
ஜன்னலில் மழை, எப்போதும்போல் படுக்கைவாட்டில்.

உனா அதிகம் பேசமாட்டாள்.
பனி உறைந்த சாலைகளில் உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறாள்.
கோப்பையை மூக்கருகே வைத்தபடி
மேசையைப் பார்த்துச் சொன்னாள்:
"பிப்ரவரி.
காலை நாலு மணி, லாரிக்குள்.
ஹீட்டர் மேல் ஈரக் கையுறை காய்கிறது.
கம்பளி கருகப் போகிறது.
இன்னும் கருகவில்லை."

டார்க்வில் அசையவில்லை.
"ஒரு கையுறையா?"
"இரண்டும்."
"ம்."

இஷ்பெல் சொன்னாள்:
"புது ஆணிப் பெட்டியை உடைத்ததும்
விரலில் ஒட்டும் எண்ணெய்.
ஆப்பிள் தின்ற கையால் உடைத்திருக்கிறேன்."

எனக்கு ஒன்று தோன்றியது, வெட்கமாகவும் இருந்தது.
"பல் டாக்டர்" என்றேன்.
"உள்ளே இல்லை.
முடிந்து வெளியே வந்துவிட்டோம்,
பாதி முகம் மரத்திருக்கிறது,
தெருவில் யாரோ கரி மூட்டுகிறார்கள்."
வாரக்கணக்கில் சிரிக்காதவன்
தோள் குலுங்கச் சிரித்தான்.

மறுபடி லாக்லனிடம் வந்தது.
நெடுநேரம் வைத்திருந்தான்.
வாயைத் திறந்தான், மூடினான்.
"தெரியவில்லை" என்றான்.
அவன் வாயிலிருந்து அந்தச் சொல்
அன்றுதான் முதல்முறை வெளியே வந்தது,
கொஞ்சம் காரமாக இருந்திருக்க வேண்டும்.

டார்க்வில் கோப்பையை வாங்கி
ஒரு மடக்குக் குடித்தான்.
"இப்போது?" என்றாள் இஷ்பெல்.

"அதே காலி வீடுதான்.
ஆனால் யாரோ ஹீட்டரைப் போட்டிருக்கிறார்கள்."

புட்டியில் பாதிக்குமேல் மிச்சம்.
அடுத்த செவ்வாய்க்கு என்று
ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தோம்.
விளக்கை அணைக்கும்போது பார்த்தேன்,
கோட்டு போட்டு, தொப்பி போட்டு,
வாசலில் நின்றபடி லாக்லன்
காலிக் கோப்பையை
இன்னும் மோந்துகொண்டிருந்தான்.